தற்குறி மெஷின்

8 ஜனவரி 1999, வெள்ளி

இன்டர்நெட்டில் இந்த வாரத்து ஊர்ப் பக்கம் ஏறிவிட்டது. சேலத்துக்கு டயல் போட்டு, லைன் கிடைத்து, பாதியில் அறுந்து, மறுபடி போட்டு. பனி இறங்கினால் இந்த ஊர் போனுக்கும் சளி பிடித்துவிடும்.

செய்திகள்: மிளகு பறிப்பு தொடக்கம். கரடியூர்ப் பக்கம் காட்டெருமை நடமாட்டம். கடைசி பஸ் நேரம் மாறியிருக்கிறது. மறைவு: வீராயி அம்மாள், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர், வயோதிகம்.

முருகேசண்ணன் போன் பூத்துக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டார். "தற்குறியில பாத்தியாம்மா?"

"பாத்தேனுங்கண்ணா."

பார்க்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் இதே கேள்வி, இதே பொய். ஒண்டிக்கடை முக்கில் அவர் வைத்திருப்பது எஸ்டிடி பூத், ஜெராக்ஸ், இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் நான் தட்டுகிறேன். மூலையில் இருக்கிற இன்னொன்றுதான் தற்குறி. என் வீட்டுக்காரர் சேகர் வைத்த பேர்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நாம் தட்டுகிறதெல்லாம் அதற்கு ஏதோ இங்கிலீஷ் குறி. அந்தக் குறிமேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது ஃபான்ட். எங்கள் பக்கத்துக்கான ஃபான்ட்டை சேகரே உட்கார்ந்து வரைந்தார். அது இல்லாத மெஷினில் நம் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் புள்ளியுமாக இங்கிலீஷ் கந்தல்தான் தெரியும். "நம்ம மெஷின்ல எப்பவும் நல்லாத்தான் தெரியும், படிக்கறவங்க மெஷின்ல தெரியுதாங்கறதுதான் கேள்வி" என்பார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தற்குறியிலிருந்து ஃபான்ட்டை அழிப்பார். வெளியாள் மாதிரி பக்கத்தைத் திறப்பார். கந்தலைப் பார்ப்பார். மேலே இங்கிலீஷில் இருக்கிற வரியை அமுக்கி ஃபான்ட்டை இறக்கி, பொருத்தி, முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். அப்புறம்தான் டீ.

ஜூலையிலிருந்து பக்கத்தை ஏற்றுவது நான், இதை மட்டும் செய்வதில்லை. முதலில் அழிக்க வேண்டுமே.

11 ஜனவரி, திங்கள்

ஈப்போவிலிருந்து ஐயாக்கண்ணு அவர்களின் மெயில். இந்த மலையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, சின்ன வயதில் மாமனோடு மலேயா போனவர். நம் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களில் அவர்தான் முதல். மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாளாம், இவர் அங்கே மாரியம்மன் கோயில் பலகையில் ஒட்டுவாராம், இங்கிருந்து போன கிழவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நிற்பார்களாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவார், எனக்குப் பழகிவிட்டது.

"தம்பி சேகர், காட்டெருமை சேதி படித்தோம். நம்ம ஊடு பக்கம் வந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்."

பதில் போட்டேன். வந்தது, மாட்டுக்கொட்டாய் வேலியை முட்டிவிட்டுப் போனது, எல்லாரும் நலம். கடைசியில் சேகர். கை தானாகப் போட்டது.

ஜூலை மாத மழையில் குப்பனூர் ரோட்டு வளைவில் சேகரின் வண்டி சறுக்கியது. இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை பக்கம் ஏறவில்லை. அடுத்த வெள்ளி நான் ஏற்றினேன். அடியில் 'பக்கம் அமைப்பு: சேகர், ஏற்காடு' என்று இருந்தது. அதை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. திட்டம் போட்டா செய்தேன்?

15 ஜனவரி

துக்க வருசம், பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ராசாத்தி தூக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன். இனிப்பு என்று நாக்குக்குத் தெரிந்தது.

22 ஜனவரி, வெள்ளி

அத்தை காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து, சாக்கை உதறி மடித்தபடி கேட்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் பெட்டியில ஊருச் சாவெல்லாம் போடறியாமே. முருகேசன் சொன்னான்."

"போடறேனுங்க அத்தை."

"எம்பையனுது போட்டியா?"

சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன். அத்தை மறுபடி கேட்கவில்லை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதை விட்டிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு?

அத்தை எதிரில் அவர் பேரைச் சொல்வதில்லை, வழக்கமில்லை. இங்கேதான் எழுதுகிறேன். சேகர். சேகர். ஒன்றும் ஆகவில்லை.

12 பிப்ரவரி, வெள்ளி

முருகேசண்ணன் சேலம் போய் ஒரு ஃபிளாப்பி கொண்டுவந்தார். சென்னையில் மாநாடு கூடி, இனி எல்லாத் தமிழ் ஃபான்ட்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். இது அந்த முறையில் செய்த புது ஃபான்ட். என் மெஷினில் ஏற்றிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் இதுக்கு மாத்திரலாம்மா. சேகரு எழுத்து சேகரோட கணக்கு. நாளைக்கு இந்தப் பொட்டி போயி வேற பொட்டி வந்தா, நம்ம பக்கத்த யாரு படிப்பா?"

சரியான பேச்சு. சேகர் இருந்தால் அவரே முதல் ஆளாக மாற்றியிருப்பார்.

"பாக்கலாங்கண்ணா" என்றேன்.

புது எழுத்து சுத்தமாக, ஒல்லியாக இருக்கிறது. பாடப் புத்தகம் மாதிரி. சேகரின் ஒற்றைக்கொம்பு குண்டாக இருக்கும். காப்பிக் கொட்டை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். அப்படியா, இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

26 பிப்ரவரி

கரண்ட் இல்லை. பக்கம் இல்லை.

8 மார்ச், திங்கள்

ஐயாக்கண்ணு வருகிறார்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு. போனவர் இப்போதுதான் முதல்முறையாக ஊர் திரும்புகிறார். "தம்பி, எனக்கு அங்கே இப்போ யாரும் இல்லை. நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் டிக்கெட் கேட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். என் கையில் மஞ்சள் குடை இருக்கும். உன் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும், இந்த எழுத்தெல்லாம் எழுதின கை."

படித்தேன். ஜெராக்ஸுக்கு ஒரு அம்மா வந்தார், எடுத்துக் கொடுத்தேன். மறுபடி படித்தேன். பயம் என்றால் பயம். ரொம்ப நாளைக்கப்புறம் ஒன்று உறைக்கிறது, அது பயமா இருக்கணுமா?

9 மார்ச்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். எல்லாமே. பதில் போட்டது, பேர் போட்டது, எல்லாமே. திட்டுவார் என்று நினைத்தேன். அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டார்.

"அந்தப் பெரியவரு குடையப் புடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. நீ போயி அங்கதான் சொல்லப் போறியா?"

சொம்பை எடுத்துக்கொண்டு எழப் போனேன்.

"சாவுன்னா சேதி சொல்லியுடோணும் கண்ணு. சண்டக்காரனுக்குக்கூடச் சொல்லியுடுவோம். சொல்லாம உட்டா, 'என்னைய மனுசனா மதிக்கலையே'ன்னு காலத்துக்கும் மனசுல வெச்சுக்குவாங்க. துக்கம் கேக்க வாரவங்கள நாம தடுக்கறதா? எம்பையன் என்ன அநாதையா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. எனக்கு உடையவில்லை. போட்டுடறேனுங்க அத்தை என்றேன்.

12 மார்ச், வெள்ளி

மறைவு என்று தலைப்பு இருக்கிறது. அதன் கீழே பேரைத் தட்டினேன். அவர் எழுத்தில் அவர் பேர் வந்தது. நிறுத்திவிட்டேன்.

இந்த எழுத்தில் முடியாது. எப்படி முடியும்? அவர் வரைந்ததை எடுத்து அவருக்கே...

சாவு இல்லாமல் பக்கம் ஏற்றினேன். மிளகு, தண்ணீர், பஸ்.

19 மார்ச், வெள்ளி

போட்டுவிட்டேன்.

புது ஃபான்ட்டில் தட்டினேன். அது யாரோ செய்த எழுத்து, யாருடைய சாவையும் அதில் தட்டலாம். பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டி, கறுப்புக் கோடு போட்டு. மற்றதெல்லாம் வழக்கம்போல் சேகரின் எழுத்தில். முருகேசண்ணன் வெளியே போயிருந்தார். திரையில் இரண்டும் சுத்தமாகத் தெரிந்தது. ஏற்றினேன்.

வீட்டுக்கு நடக்கையில் காப்பிப் பூ வாசம். முந்தாநாள் மழைக்குப் பூத்திருக்கிறது. மலை முழுக்க வெள்ளை. எனக்கு மூச்சு முட்டியது, சேலையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன்.

23 மார்ச்

மெயில் இல்லை.

26 மார்ச், வெள்ளி

ஒருத்தர்கூட இல்லை. ஒரு வரி. ஐயோ பாவம் என்று ஒரு வரி. அதற்குக்கூடக் கை வரவில்லையா? காட்டெருமைக்கு எழுதினார்கள். ஆரஞ்சு விளைச்சலுக்கு எழுதினார்கள். அந்த மனுசன் வாராவாரம் இவர்களுக்காக உட்கார்ந்து...

அத்தை கேட்டார். "எல்லாரும் என்ன சொன்னாங்க கண்ணு?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

அத்தை தலையை ஆட்டினார். வெற்றிலையை எடுத்து, போடாமல், மறுபடி பைக்குள் வைத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஈப்போவாம், பலகையாம். நாசமாப் போக.

1 ஏப்ரல், வியாழன்

ஐயாக்கண்ணு மெயில். அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி சேகர், போன இரண்டு வாரமாகப் பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் கந்தலாக இருக்கிறது. மற்றது நன்றாகத் தெரிகிறது. என் மகள் உன் எழுத்தை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தாள். அப்படியும் சரியாகவில்லை. கறுப்புக் கோடு இருப்பதால் யாரோ பெரிய மனிதர் காலமானது என்று மட்டும் ஊகித்தோம். யார் என்று தெரியாமல் பலகை முன்னால் ஒரே விவாதம். சரி செய்து போடு. இல்லாவிட்டால் வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் வந்துவிட்டது."

புது ஃபான்ட் என் மெஷினில் இருக்கிறது. உலகத்தில் பக்கத்தைப் படிக்கிறவர்கள் யாரிடமும் இல்லை. பக்கத்தின் தலையில் இருக்கிற வரியை அமுக்கினால் இறங்குவது சேகரின் ஃபான்ட்தான். தற்குறி முன்னால் போய் உட்கார்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். அழிக்கக்கூட வேண்டியதில்லை, சும்மா திறந்து பார்த்திருந்தால் போதும். நம்ம மெஷின்ல எப்பவும் நல்லாத்தான் தெரியும்... அட கடவுளே. அத்தனை தடவை சொன்னாரே அந்த மனுசன்! வாய் வலிக்கச் சொன்னாரே!

கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பூத்துக்குப் பேச வந்தவர் பேசாமலே போய்விட்டார்.

தெரியாமல்தான் செய்தேனா? தற்குறி பக்கம் போகாதே என்று எனக்குள்ளே ஒருத்தி இழுத்துப் பிடித்தாளா? சொன்ன மாதிரியும் இருக்கணும், யாருக்கும் தெரியக்கூடாது. கேட்டா போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம். அப்படியா? தெரியல. சத்தியமாத் தெரியல.

2 ஏப்ரல், வெள்ளி

பக்கம் ஏற்றவில்லை. முருகேசண்ணனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் வழி சொன்னார்: புது ஃபான்ட்டையும் இறக்கிக்கொள்ள மேலே இன்னொரு வரி போட்டுவிடலாம்.

"துக்கச் சேதி படிக்கறதுக்கு முன்னாடி இதை இறக்கிக்குங்கன்னு போடறதுங்களாண்ணா?"

"இல்லீன்னா நான் தட்டித் தரட்டுமாம்மா? சேகரு எழுத்துலயே. நீ ஊட்டுக்குப் போ."

நல்ல மனுசன். வேண்டாமுங்கண்ணா என்றேன்.

5 ஏப்ரல், திங்கள்

அத்தை இன்று வேலைக்குப் போகவில்லை. தலை சீவி, துவைத்த சேலை கட்டி, என்னோடு ஒண்டிக்கடைக்கு நடந்து வந்தார். கம்ப்யூட்டர் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். நான் சொல்றேன், நீ எழுது என்றார்.

"எஸ்டேட்டு மாரிசாமி மகன் சேகருன்னு போடு. போன ஆடியில தவறிப்போயிட்டான். குப்பனூர் ரோட்டுல, மழையில, வண்டி சறுக்கி. போட்டியா?"

"போடறேனுங்க."

"மெதுவாப் போடு. இத்தன நாளு சொல்லாம உட்டதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க. அவன் பொண்டாட்டிக்குச் சொல்ற தெம்பு இல்ல."

கை நின்றது. அதை வேண்டாமுங்க அத்தை என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. நெசந்தான. போடு. எல்லாருக்கும் ஊடு தேடி வந்து சேதி சொன்னதா எடுத்துக்குங்க. இப்படிக்கு சென்னம்மா. காவேரி. ரெண்டு பேரையும் போடு."

போட்டேன். சேகரின் எழுத்தில், ஒவ்வொன்றாக. செய்தி வளர வளரத் திரையில் குண்டுக் கொம்புகள். அத்தை கிட்டே குனிந்து பார்த்தார். இதுல எது அவம்பேரு என்று கேட்டார். காட்டினேன். விரலால் தொடப் போய், கண்ணாடி சுடுமோ என்னவோ என்று எடுத்துக்கொண்டார்.

ஏற்றினேன். எழுந்து மூலைக்குப் போனேன். தற்குறிமேல் தூசி. திறந்து, ஃபான்ட்டுகள் இருக்கிற இடத்துக்குப் போய், அவருடையதைத் தேர்ந்து, அழி என்றேன். உறுதியா என்று கேட்டது. எத்தனை வாரம் இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் அமுக்கியிருப்பார். நான் யோசித்தேன். அமுக்கினேன்.

பக்கம் திறந்தது. கந்தல். அவர் பேர், சாவு, மழை, குப்பனூர், அத்தை, நான், எல்லாம் கந்தல்.

மேலே இருக்கிற வரியை அமுக்கினேன். லைன் மந்தம், இறங்க நேரமானது. பொருத்தினேன். மறுபடி திறந்தேன். எல்லாம் அவர் எழுத்தாக நின்றது. அவரைப் போலவே முதலிலிருந்து கடைசிவரை படித்தேன், சாவையும் சேர்த்து. அழுகை வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. முருகேசண்ணன் இரண்டு டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, பூத்துக்குள் போய்விட்டார்.

7 ஏப்ரல்

மெயில்கள். ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர், துபாய்கூட. பேர்கூடக் கேள்விப்படாதவர்கள். ஒருத்தர் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்து, சேகரிடம் அடி வாங்கினவராம். ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்துப் போய் அத்தைக்குப் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் "எந்த லைனு ஆளு? யாரு மகன்?" என்று கேட்டார். நடுவில் வெற்றிலை போட்டார்.

ஐயாக்கண்ணு எழுதியது ஒரே வரி. "சேதி கிடைத்தது. வருகிறேன்."

30 ஏப்ரல்

பக்கம் ஏறியது. பலாக்காய், மழை.

22 மே, சனி

பஸ் ஸ்டாண்டில் நானும் அத்தையும் நின்றோம். இறங்கினவர் வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில் மஞ்சள் குடையை விரித்துப் பிடித்திருந்தார். அடையாளம் சொன்னது சொன்னபடி. நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

எங்களைப் பார்த்ததும் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, துக்கம் கேட்கிறவர்கள் நீட்டுவது போல் இரண்டு கையையும் சேர்த்து அத்தையிடம் நீட்டினார். அத்தை தொட்டார்.

"சேதி கெடச்சுதுங்களா?" என்றார் அத்தை.

"கெடச்சுதுங்கம்மா. அதான் வந்தேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். என்னிடமும் கையை நீட்டினார். இத்தனை மாதமாக அவருக்குப் பதில் எழுதினது நான்தான் என்று சேதியைப் படித்ததும் புரிந்திருக்கும். எதையாவது கேட்க வேண்டுமே என்று வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எழுத்து நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"

"நொம்ப நல்லாத் தெரிஞ்சுது கண்ணு. ஓரெழுத்துகூடக் கந்தலாகல."

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு நடுவில், சேலம் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேர் எதிரில், வாய்விட்டு அழுதேன். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் எதற்கோ குடையை மறுபடி விரித்து எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்தார்.

28 மே, வெள்ளி

செய்திகள்: திருவிழா முடிந்தது. கூட்டம் அதிகம், பஸ் பற்றாக்குறை. ஈப்போவிலிருந்து ஐயாக்கண்ணு அவர்கள் வருகை தந்து திரும்பிச் சென்றார். மறைவு: இந்த வாரம் இல்லை.

புது ஃபான்ட்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து மாறலாம் என்றேன். பழைய பக்கங்கள் மட்டும் சேகரின் எழுத்திலேயே கிடக்கட்டும், இறக்குகிற வரியும் அங்கேயே இருக்கட்டும். முருகேசண்ணன் சரி என்றார்.

அடியில் இருந்த வரியை மாற்றினேன். 'எழுத்து: சேகர். பக்கம்: காவேரி, ஏற்காடு.' ஏற்றினேன்.

"தற்குறியில பாத்தியாம்மா?" என்று பூத்துக்குள்ளிருந்து குரல்.

"இதோ அழிச்சிட்டிருக்கேனுங்கண்ணா."